ஒம்பதாம் நம்பர் வாசப்படி

உக்காரு பாப்பா. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இந்தப் பக்கம் வா, காத்து வரும். ஒன்னைய மேடம்னு கூப்பிடணும்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டுத்தான் போனாரு. எனக்கு வாய் வரல. எம் மவ இருந்திருந்தா ஒன் வயசுதான் இருக்கும். பாப்பான்னே கூப்பிடுறேன், கோச்சுக்காத.

எழுதப் போறியா? எழுது, எழுது. பேரு ராஜாம்பாள். ஊருக்குள்ள ராசாம்பான்னுதான் சொல்வாங்க. வீட்டுக்காரர் பேரு நடேசன். கொள்முதல் நிலையத்துல மூட்டை தூக்குறாரு. இன்னிக்கி லாரி வந்திருக்குன்னு காலைலயே கெளம்பிட்டாரு. "நீயே பேசி முடிச்சிரு. எந்த வீடுன்னாலும் எனக்கு ஒண்ணுதான்"னு சொல்லிட்டுப் போறாரு. ஒண்ணுதானாம்! எனக்கு ஒண்ணா இல்லியே, பன்னண்டு வருசமா.

வீட்டு நம்பரா? இரு. அத எழுதாத. பேனாவ எடு அங்கேர்ந்து. அதத்தான பேசணும்.

ஒனக்கு ஆபீஸ்ல என்ன சொல்லி அனுப்பிச்சாங்கன்னு எனக்குத் தெரியும். முப்பத்தாறு வீட்டுக்கும் கூட்டுப் பட்டாவா இருக்கறதத் தனித்தனியா பிரிச்சுக் குடுக்கப் போறாங்க. பிரிக்கறதுக்கு முந்தி ரெண்டு பேரு சம்மதிச்சா ஒரே ஒரு தடவ வீட்ட மாத்திக்கலாம், அப்பறம் கெடையவே கெடையாது. பதினாலாம் நம்பர் ராசாம்பாவும் ஒம்பதாம் நம்பர் அஞ்சம்மாவும் மாத்திக்கப் போறாங்கன்னு சங்கத்துல எழுதிக் குடுத்துட்டாங்க. அதுக்குத்தான் நீ வந்துருக்க. அவ சம்மதம்னுட்டா. கேட்டது நான்தான். பன்னண்டு வருசமா வேணும் வேணும்னு நின்னது நான்தான். அப்பறம் எதுக்கு இப்டி உக்காரவும் முடியாம நிக்கவும் முடியாம அலையிறன்னு கேப்ப. தெரியலயே! காலைல அடுப்புல பால வச்சுட்டு அப்டியே நிக்கிறேன், அது பொங்கி வழிஞ்சு அடுப்பே அவிஞ்சு போச்சு.

அஞ்சம்மா யாருன்னு சொல்லலியே நான். எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. எனக்கு நாத்தனா. இந்த ஜன்னல் வழியாப் பாரு, அந்தா மஞ்சக் கதவு தெரியுதுல்ல, அதான் ஒம்பது. அவ வீடு. அவ வீடுன்னு வாய் சொல்லுது. அது நான் கட்டுன வீடு பாப்பா.

எல்லாரும் சேந்து கட்டுனதுதான், யாரு இல்லன்னா. முந்தி நாங்க அத்தன பேரும் ஆத்துப் படுகைல குடிசை போட்டுக் கெடந்தோம். நடவு, அறுப்பு, அதான் பொழப்பு. ஐப்பசி பொறந்தா தண்ணி சொல்லாமக் கொள்ளாம உள்ள வரும். பானை சட்டி மெதக்கும். சங்கம் வச்சு, தாலுக்கா ஆபீஸ் வாசல்ல படுத்துக் கெடந்து, இந்த மேட்டு நெலத்த வாங்குனோம். அப்ப டவுன்லேர்ந்து ஒரு எஞ்சினியரு வந்தாரு. நல்ல மனுசன். "காசு கம்மியா இருக்கு, ஆளு நெறைய இருக்கீங்க. நீங்களே கட்டுங்க, நான் கூட நிக்கிறேன்"னாரு. நாங்களே களிமண்ணு மிதிச்சுக் கல்லு அறுத்தோம். நாங்களே காளவாய் போட்டுச் சுட்டோம். வீட்டுக்கு ஒரு ஆளு தெனம் வேலைக்கு வந்துரணும். வராட்டி மறுநாள் ரெண்டு ஆளா வரணும். ஆறு குடும்பம் ஒரு செட்டு. ஒரு செட்டுக்கு ஆறு வீடு. எங்க செட்டுக்கு ஏழுலேர்ந்து பன்னண்டு. அஞ்சம்மா செட்டுக்கு பதிமூணுலேர்ந்து பதினெட்டு.

அவங்க செட்டு வேல லட்சணத்த நீயே பாரு. இந்தச் செவுரு இருக்குல்ல, இப்டி ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாரு, வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குதா? தரைல தண்ணி ஊத்துனா வாசப் பக்கமா ஓடாது, சாமி மூலைக்கு ஓடும். எந்த மவராசி மட்டம் பாத்தாளோ! எங்க ஒம்பதப் போயி பாரு. நூலு புடிச்சாப்புல நிக்கும். செவுத்துக்கு ரெண்டு வேள தண்ணி ஊத்துங்கன்னு எஞ்சினியரு சொல்லுவாரு, நான் ஒம்பதுக்கு மட்டும் நாலு வேள ஊத்துனேன். எட்டும் பத்தும் காஞ்சு கெடக்கும். ஒம்பது சொட்டச் சொட்ட நிக்கும்.

ஏன் ஒம்பதுன்னு கேளு. எங்க செட்டு ஆறு வீட்டுல ஒண்ணு நமக்குன்னு எல்லாருக்கும் தெரியும், எதுன்னுதான் தெரியாது. நான் மாரியம்மன் கோயில்ல பூப்போட்டுக் கேட்டேன். செவப்பு ஒரு பொட்டலம், வெள்ள ஒரு பொட்டலம். ஏழான்னேன், செவப்பு வந்துச்சு. எட்டான்னேன், செவப்பு. ஒம்பதான்னேன், வெள்ளப் பூவு. அதோட எந்திரிச்சு வந்துட்டேன். சாமி சொன்னதுக்கு மேல வேற என்ன வேணும்?

தண்ணி குடிக்கிறியா? இரு, எடுத்துட்டு வர்றேன்.

இந்தா. அடுப்படில நின்னேன்னா இப்ப அங்கியும் மனசு நிக்க மாட்டேங்குது. சரி, ஒனக்கு ஒண்ணு சொல்றேன். இத எழுதிப்புடாத. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. பன்னண்டு வருசமா யாருகிட்டயும் சொல்லாதத ஒங்கிட்ட சொல்றேன், நீ நாளைக்கு வேற ஊருக்குப் போயிருவ.

எனக்கு ஒரு பொண்ணு இருந்தா பாப்பா. தேன்மொழி. தேனு, தேனுன்னு கூப்பிடுவோம். ரெண்டு வயசு. படுகைல இருந்தப்ப ஒரு ஐப்பசில மூணு நாளு தண்ணி வடியல. குடிசைக்குள்ள கட்டிலு மேல கட்டிலு போட்டு உக்காந்துருந்தோம். புள்ளைக்குக் காச்சல். ரோடு அறுத்துக்கிட்டுப் போச்சு, ஒரு வண்டி வாசி இல்ல. அவ ஒடம்ப ஒத்தித் தொடைக்க ஒரு காஞ்ச துணி இல்ல. மூணாம் நாளு மத்தியானம் போயிட்டா. ஒரே ஒரு காஞ்ச தரை இருந்திருந்தா எம் புள்ள பொழச்சிருக்கும். இத நான் சாவுற வரைக்கும் சொல்லுவேன்.

அவ கால்ல வெள்ளிக் கொலுசு கெடந்துச்சு. மொதப் பொறந்த நாளைக்கி அஞ்சம்மா வாங்கிப் போட்டது. ஆமா, இதே அஞ்சம்மாதான். அறுப்புக் கூலிய சேத்து வச்சு வாங்குனா. அத்தைக்காரி மொறை செய்யணும்ல. ஒரு நாளு அதுல ஒரு மணி அறுந்து விழுந்துருச்சு. அவளே ஒரு பித்தள மணியத் தேடிப் புடிச்சுக் கோத்துக் குடுத்தா. வெள்ளிக்கு நடுவுல அது மட்டும் மஞ்சளா தெரியும். பொதைக்கறப்ப ஒரு கொலுசு அவ கால்லயே போயிருச்சு. பித்தள மணி போட்டது எங்கிட்ட. எட்டு வருசம் முந்தானைல முடிஞ்சு வச்சிருந்தேன்.

நிலை வச்சாங்க பாரு, அந்த முப்பத்தாறு வீட்டுக்கும் ஒரே நாள்ல வச்சாங்க. நிலைக்கு அடியில எல்லா வீட்டுக்கும் ஒரே மாரி நவதானியம், ஒரு மஞ்சக் கெழங்கு, ஒரு ரூவாக் காசு. அதுக்கு மேல யாரும் சொந்தமா ஒரு பொட்டுத் தங்கம் கூட வைக்கக் கூடாதுன்னு சங்கத்துல சொல்லிட்டாங்க. எந்த வீடு யாருக்கோ, அப்பறம் என் தங்கம் ஒன் வாசல்லன்னு சண்ட வரும்ல? ஒம்பதுக்குச் சாந்து சொமந்தது நான். கொத்தனாரு அந்தாண்ட திரும்புனாரு. முந்தானைய அவுத்து, கொலுசு இருந்த துணியோட சாந்துக்குள்ள அமுக்கிட்டேன். இனிமே ஒனக்குக் காஞ்ச தரைதான்டி தேனு, தண்ணி ஏறாத வீடுதான்டின்னு சொன்னேன். வாய் வுட்டுச் சொல்லல. மனசுக்குள்ள.

அப்பறம் என்ன ஆச்சு? எல்லா வேலையும் முடிஞ்சு சாவி குடுக்கற அன்னிக்கு அந்த எஞ்சினியரு எந்திரிச்சாரு. "அவங்கவங்க செட்டு வீடு அவங்கவங்களுக்குன்னா பக்கத்து செட்டு வீடு எப்டிப் போனா என்னன்னு தோணிரும். எல்லாம் எல்லாரோட வீடு. முப்பத்தாறையும் ஒரே கொடத்துல போட்டுக் குலுக்குவோம்"னாரு. அத்தன பேரும் கை தட்டுறாங்க. நான் தட்டல. 

எனக்கு வந்தது பதினாலு. அஞ்சம்மா செட்டு கட்டுன கோண வீடு. அஞ்சம்மாவுக்கு வந்தது எது தெரியுமா? ஒம்பது!

அங்கயே, அத்தன சனத்துக்கு முன்னாடி போயி அவ கையப் புடிச்சேன். மாத்திக்கலாம்டின்னேன். அவ என்ன சொன்னா? "குலுக்கல்ல வந்தத எதுக்கு அண்ணி மாத்தணும்? ஒனக்கு ஒம்பது எதுக்கு, காரணத்தச் சொல்லு, தர்றேன்"ங்குறா. காரணமாம், காரணம்! என்னன்னு சொல்லுவேன்? செத்துப்போன புள்ளையோட கொலுச வாசப்படிக்கு அடியில வச்சிருக்கேன்னு சொன்னா சும்மா வுடுவாங்களா? ஆவாது, ஆவாதுன்னு அந்த நிமிசமே கடப்பாரைய எடுத்துக்கிட்டு வந்துருவாங்க. நிலையப் பேத்துக் குப்பைல வீசிருவாங்க. அதனால வாய மூடிக்கிட்டேன். என் வாய் மூடுனது மூடுனதுதான். அன்னிலேர்ந்து அஞ்சம்மாகிட்ட ஒரு வார்த்த பேசுனது இல்ல. கேட்டதக் குடுக்காதவகிட்ட எனக்கென்ன பேச்சு!

சரி, வந்து பதினாலுல குடியேறுனோம். அன்னிக்கே சொல்லிட்டேன், இது என் வீடு இல்ல, எப்பயாச்சும் ஒம்பதுக்குப் போறவதான் நான், இந்த வீட்டுல ஒரு ஆணி கூட அடிக்க மாட்டேன்னு. இன்னி வரைக்கும் அடிக்கலியே. வேணும்னா நீயே சுத்திப் பாத்துக்க.

மத்தவங்க ஆடுன ஆட்டத்தப் பாத்திருக்கணும் நீ. மொத மாசம் முப்பத்தாறும் ஒரே மாரி வெள்ளையா நின்னுச்சா, யாரு வீடு யாருதுன்னே தெரியாது. பள்ளிக்கூடம் வுட்டு வர்ற புள்ளைங்க யார் வீட்டுலயோ நொழஞ்சு தட்ட எடுத்து வச்சு உக்காந்துக்கும். ஆடு கூட வீடு மாறிப் போவும். அடையாளத்துக்குன்னு ஒருத்தி வாசல்ல மொறத்தத் தொங்கவுட்டா. ஒருத்தன் கதவுக்குப் பச்ச பூசுனான். அதுல ஆரம்பிச்சதுதான். இருபத்தி மூணாம் நம்பரு மாடிப்படி கட்டுனான், மாடி கட்டல. இன்னிக்கும் அந்தப் படி ஆகாசத்துக்குத்தான் போவுது, அதுல மொளகா காய வைக்கிறாங்க. முப்பதாம் நம்பர்ல கக்கூஸ ஆட்டுக் கொட்டாயா மாத்திட்டாங்க. நாலாம் நம்பரு தையக் கடை. அடுப்படிய நடு வீட்டுக்குப் பக்கத்துல வச்சுட்டாரு எஞ்சினியரு, பொகை போவ வழியில்ல, ஒரு வருசத்துக்குள்ள எல்லாப் பொம்பளைங்களும் அடுப்பத் தூக்கிக் கொல்லைல வச்சாச்சு. அவரு ஒரு தடவ பாக்க வந்தாரு. தெரு மொனைல நின்னு, "நான் வரஞ்ச வீடு எங்கம்மா"ன்னு கேட்டாரு. "உள்ளதான் சார் இருக்கு"ன்னு ஒருத்தி சொன்னா. பாவம், சிரிக்கவும் முடியல அந்த மனுசனுக்கு.

நான் அப்டியெல்லாம் ஒண்ணும் பண்ணல. இந்த ஜன்னலு ஒண்ணுதான். அது வேற. ஒம்பதப் பாக்கறதுக்காகச் செவுத்த ஒடச்சு வச்சது. என் பொருளு அங்க இருக்குல்ல, ஒரு கண்ணு வைக்க வேணாமா? அப்பறம் தரை. தண்ணி சாமி மூலைக்குப் போவுதுன்னு சொன்னேன்ல, அதுக்காக சிமிட்டி போட்டு வாட்டம் எடுத்தேன். யாரா இருந்தாலும் எடுத்துருப்பாங்க. அடுப்படி? ஆமா, நானும் பின்னாடிதான் கட்டுனேன். சும்மா இல்ல, நின்னு சமைக்கற மாரி மேடை, மேல தகரம், பக்கத்துல கெணத்தடி. வெயில்ல நிக்க முடியுமா பின்ன? அந்த எலுமிச்சங் கன்னு அஞ்சு ரூவாக்கு வாங்குனேன், இப்பக் காய்க்கற காயில தெருவே ஊறுகா போடுது. மாடக்குழி எம் மவன் வெட்டுனான், கோயம்புத்தூர்ல லேத்துப் பட்டறைக்குப் போறதுக்கு முந்தி. அந்தச் செவுத்து வயிறு தள்ளிக்கிட்டு இருக்குல்ல, அதுல முதுகச் சாச்சு உக்காந்தா எதமா இருக்கும். மத்தியானத்துல நான் அங்கதான் உக்காருவேன். நேர்ச் செவுத்துல அந்தச் சொகம் வராது. என்ன சிரிக்கிற? ஆணி அடிக்கலன்னுதான சொன்னேன். ஆணி அடிச்சேனா?

கேளு, கதை எங்கயோ போவுது.

நாலு வருசத்துக்கு முந்தி ஒம்பதுல நிலை செல்லரிச்சுப் போச்சு. அடியில தண்ணி ஊறி, செல்லு ஏறி, பொதபொதன்னு ஆயிருச்சு. தச்சன வரச் சொல்லிட்டாங்க, புது நிலை வைக்கப் போறோம்னு. எனக்கு எப்டி இருந்திருக்கும் சொல்லு? இந்த ஜன்னல்லயே நின்னேன் அன்னிக்கி. காலைலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல. கடப்பாரைய வச்சு நெம்புறாங்க. எங்க வீட்டுக்காரரு வேற அங்க போயி, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு கூட மாட நின்னாரு. தங்கச்சின்னா அப்டி ஒரு பாசம். நான் இங்க ஒரு அம்மிய நகட்டணும்னா இடுப்பு வலிக்கும் அவருக்கு! அவரேதான் சாந்தும் போட்டாரு புது நிலைக்கு.

பேத்த கல்லையும் காரையையும் தெருவுல கொட்டிட்டாங்க. எல்லாரும் சாப்புடப் போன நேரம் பாத்து ஒரு மொறத்த எடுத்துக்கிட்டுப் போனேன். தெருவுல உக்காந்து புடச்சுப் பாக்குறேன். கல்லு, மண்ணு, செல்லரிச்ச கட்ட. கொலுசு இல்ல. அஞ்சம்மா மூத்த மவன் வந்து, "என்ன மாமி தேடுறீங்க"ங்குறான். ஒண்ணுமில்லடா, அடுப்புக்குக் கல்லு பொறுக்குறேன்னேன். அஞ்சம்மா உள்ளேர்ந்து வந்தா. நின்னா. என் மொறத்தப் பாத்தா, எம் மூஞ்சியப் பாத்தா. அப்டியே உள்ள போயிட்டா. ஏன் அண்ணி, என்ன அண்ணின்னு ஒரு வார்த்த கேக்கலாம்ல? கேட்டாளா? நெஞ்சழுத்தக்காரி! இவரும் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டேதான் இருந்தாரு. இவரும் கேக்கல. இப்டி ஒரு குடும்பத்துல வந்து வாக்கப்பட்டிருக்கேன்.

அடியில ஆழமா எங்கயோ கெடக்கு, கைக்கு அம்புடலன்னு மனசத் தேத்திக்கிட்டேன். வேற என்ன பண்றது?

அதுக்கப்பறம் அவ பண்ற அலட்டல் இருக்கே, தாங்க முடியாது. அதுக்கு முந்தி அந்த வாசப்படிலதான் உக்காந்து கீரை ஆய்வா, தலை வாருவா. புது நிலை வச்ச பொறவு உக்கார்றதே இல்ல. புது நிலையாம், பவுசு! வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை படிக்கு மஞ்ச பூசி, குங்குமம் வச்சு, பூவு வேற. தாண்டித்தான் போவா, தாண்டித்தான் வருவா. நெடுநெடுன்னு வளந்த மவனுங்க ரெண்டு பேரையும் "தாண்டி வாடா, மிதிக்காத"ன்னு தெருவே கேக்கக் கத்துறா. ஒரு நாளு நாயி ஒண்ணு படி மேல படுத்துருச்சுன்னு வெளக்கமாத்த எடுத்துக்கிட்டு தெரு மொனை வரைக்கும் தொரத்துனா. எனக்குக் காட்டணும்னு. என் ஜன்னலு இந்தப் பக்கம் இருக்குன்னு அவளுக்குத் தெரியும்ல. ஒனக்குக் கெடைக்காத வீட்ட நான் எப்டி வச்சிருக்கேன் பாருன்னு காட்டுறா. பொங்கலுக்கு மவங்கிட்ட ஒரு தூக்குல பொங்கல் குடுத்து வுடுவா. திருப்பி அனுப்பிருவேன். மறு வருசமும் குடுத்து வுடுவா. என்ன திமிரு பாரு!

அப்டியிருந்தவ, போன மாசம் ஒங்க ஆபீஸ் நோட்டீஸ் வந்த மறுநாளே மவன அனுப்பி வைக்கிறா. "அண்ணிக்கு ஒம்பது வேணும்னா மாத்திக்கலாம், எனக்குச் சம்மதம்"னு. காரணம் கேக்கல. பன்னண்டு வருசத்துக்கு முந்தி காரணம் கேட்டவ, இப்பக் கேக்கல. எனக்கு மொதல்ல சந்தோசமாத்தான் இருந்துச்சு. ரெண்டு நாளு கழிச்சுத்தான் பொறி தட்டுச்சு. என் அடுப்படி மேல கண்ணு! நின்னு சமைக்கற மேடை அவகிட்ட இல்ல. எலுமிச்ச மரம் இல்ல. கெணத்தடி இல்ல. எல்லாத்தையும் நான் ஒழச்சு ஒழச்சு வைப்பேன், இவ வந்து நோவாம உக்காந்துக்குவா!

அத நெனச்சதுலேர்ந்து எனக்குக் கையி ஓடல, காலு ஓடல. என்னென்ன எடுத்துட்டுப் போலாம்னு பாக்குறேன். தகரத்தப் பிரிச்சிரலாம். அம்மி, ஆட்டுக்கல்லு உருட்டிரலாம். எலுமிச்சய எப்டிப் புடுங்குறது? காய்ச்ச மரம் வேற எடத்துல வருமா? ஜன்னல எப்டிப் பேக்குறது? பேத்துக்கிட்டுப் போயித்தான் அங்க எதப் பாக்குறது? நேத்தி மத்தியானம் இந்த வயிறு தள்ளுன செவுத்துல சாஞ்சு உக்காந்துருக்கேன், கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டுது. எதுக்குன்னு தெரியல. கோண வீடு பாப்பா இது. அடுத்தவங்க கட்டுன கோண வீடு. இத வுட்டுட்டுப் போவ எனக்கு ஏன் அழுவ வருது?

ஆனா எம் புள்ள அங்கல்ல கெடக்கு. புள்ளைய அங்க வுட்டுட்டு நான் இங்க எலுமிச்சங்கா பறிச்சுக்கிட்டு இருக்கவா? அதனால ஒம்பதுன்னு எழுது. ஒம்பதுதான். இரு, இரு. இன்னும் எழுதாத. அந்தா வர்றா.

பாத்தியா, பாத்தியா, எப்டித் தாண்டி வர்றான்னு? அம்பது வயசு ஆவப் போவுது, பொடவையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஒரு தாண்டு! கீழ விழுந்து இடுப்பு ஒடஞ்சாத்தான் அடங்குவா.

ஏ பாப்பா, நீயே அவள உள்ள வரச் சொல்லு. நான் பேச மாட்டேன்.

உக்காரச் சொல்லு. கையெழுத்து எங்க போடணும்னு காட்டு. போட்டாளா? படிச்சுப் பாத்துட்டுப் போடச் சொல்லு, அப்பறம் ஏமாத்திட்டாங்கன்னு சொல்லப் போறா. ஏன், என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறா? என் அடுப்படியப் பாக்கணும்னா பின்னாடி போயிப் பாத்துக்கச் சொல்லு. தகரத்த மட்டும் பிரிச்சுக்கிட்டுத்தான் போவேன்னு சொல்லு.

என்னது?

அவ என்ன சொன்னா பாப்பா? எங் காதுல சரியா வுழுவல. ஏ அஞ்சம்மா, என்ன சொன்ன? எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

நிலை மாத்துன அன்னிக்கேவா?

நிலை மாத்துன அன்னிக்கே கெடச்சிருச்சாம் பாப்பா. துணி மக்கிப் போயி, கொலுசு மட்டும் கெடந்துச்சாம். பித்தள மணியப் பாத்ததும் தெரிஞ்சிருச்சாம். நான் கோத்த மணி எனக்குத் தெரியாதா அண்ணிங்குறா. கழுவித் தொடச்சு, மஞ்சத் துணில முடிஞ்சு, புது நிலைக்கு அடியில வச்ச எடத்துலயே வச்சிட்டாளாம். புள்ள கெடக்குற எடம், அதான் யாரையும் மிதிக்க வுடறதில்லங்குறா. அதான் இப்ப வீட்ட எடுத்துக்கன்னு சொல்றா, அது ஒம் புள்ள அண்ணிங்குறா.

ஏன்டி, நாலு வருசமா வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ஆவாதுன்னு பயமா இல்லியாடி ஒனக்கு, ரெண்டு ஆம்பளப் புள்ளைய வச்சிக்கிட்டு?

என்ன சொல்றா பாரு. நம்ம தேனு யாருக்கு என்ன கெடுதல் பண்ணப் போவுதுங்குறா. பொங்கல் குடுத்து வுட்டப்பல்லாம் சொல்லத்தான் நெனச்சேன், நீதான் தூக்க வாங்கவே மாட்டேன்னுட்டியேங்குறா. அது சரி. அது நெசந்தான். நான் வாங்கல.

எங்க வீட்டுக்காரருக்கும் தெரியுமாமே! அவரு கையாலதான் சாந்துக்குள்ள வச்சாராமே! சொல்ல வேணாம், அவளா சொல்றப்ப சொல்லட்டும்னு அவருதான் சொன்னாராம். அட, பாவி மனுசா! எந்த வீடுன்னாலும் ஒண்ணுதான்னு சொல்லிட்டுப் போறாரு பாரு காலைல! சாயங்காலம் வரட்டும்.

இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல. புகை. கண்ணுல புகை. அடுப்பு எரியலியா? சரி, எரியல. அழுவறேன், அழுவக் கூடாதா? நீ அழுவாதடி, ஒனக்கு மூச்சு வாங்கும்.

பாப்பா, அந்த மாத்திக்கற பேப்பரு வேணாம். மடிச்சு வை. கோச்சுக்காத, ஒன்ன இவ்ளோ தூரம் அலைய வச்சிட்டேன். இப்ப எழுது. ராஜாம்பாள், கணவர் பேரு நடேசன், பதினாலு. நம்பரா மட்டும் போடாத, பதினாலுன்னு எழுத்தாலயும் எழுது, எவனும் அழிச்சு மாத்த முடியாத மாரி. ஆமா, ரோசனை பண்ணித்தான் சொல்றேன். புள்ள வேற எங்கயுமா இருக்கு? அவ அத்த வீட்டுல இருக்கு. கண்ணுக்கு நேரா இருக்கு. அத்த வீட்டுல நல்லா இருக்கற புள்ளைய எதுக்குப் போயித் தூக்கிக்கிட்டு வரணும்?

நீ அந்தத் தண்ணியக் குடி, அப்டியே இருக்கு. நான் ஒரு எட்டு ஒம்பதுக்குப் போயிட்டு வந்துர்றேன். பன்னண்டு வருசமா அந்த வீட்டுக்குள்ள காலு வைக்கல நான். நடடி, முன்னாடி நட. என்னது? என்னடி சொல்ற?

கேட்டியா பாப்பா இந்தக் கூத்த! படிய மிதிக்காமத் தாண்டி வா அண்ணின்னு எனக்கே சொல்றா!